சொம்பைச் சுற்றி எட்டுக் கயிறு

கயிற்றின் ஒரு முனை பல்லில், மறுமுனை கால் கட்டைவிரலில். வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார் கமலவேணி டீச்சர். முடிச்சு நின்றால் பக்கத்தில் வைக்கிறார். நெகிழ்ந்தால் முகம் சுளிக்காமல் அவிழ்த்து மறுபடியும் போடுகிறார். முதல் மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. கீழப்பழுவூரிலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் இருக்கும் அந்த அரசு நடுநிலைப் பள்ளியின் வராந்தாவில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அரியலூரிலிருந்து வரும் வழியில் சிமென்ட் லாரிகள் பூசிவிட்ட வெண்தூசி அவருடைய ஸ்கூட்டர் மேலும் இருக்கிறது, புருவத்திலும் இருக்கிறது. ஸ்கூட்டரை மட்டும் துடைத்துவிட்டார். புருவம் அப்படியே இருக்கிறது.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். பிறந்தது வாலிகண்டபுரம், வாழ்க்கைப்பட்டது அரியலூர். கையில் எப்போதும் ஒரு பெரிய கட்டைப்பை. மற்ற ஆசிரியைகளின் பையில் டிபன் பாக்ஸும் குடையும் இருக்கும். இவர் பையில் கயிறு, கிழிந்த போர்வை, ரப்பர் பந்து, கருவேல முள் நிறைந்த ஒரு டப்பா, இவற்றுக்கெல்லாம் அடியில் நசுங்கிப்போன டிபன் பாக்ஸ். பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ சந்தைக்குக் கடை போடப் போகிற பெண்மணி என்றுதான் தோன்றும்.

தலைமையாசிரியருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. "உங்க கிளாஸ் சந்தைக்கடையா இருக்கே டீச்சர்" என்று அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். கமலவேணி டீச்சர் கோபப்படுவதில்லை. "சந்தையிலதான் சார் எல்லாரும் பேசுறாங்க, எல்லாரும் கேக்குறாங்க. கேக்கலன்னா கத்திரிக்கா விக்காதுல்ல?" என்பார்.

ஏழாம் வகுப்பு அவருடையது. பாடம் நடத்துவது போக, தினமும் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிடுவார். டவுனில் நடந்த ஒரு பயிற்சியில் இவற்றையெல்லாம் கற்றுக்கொடுத்தார்களாம். அங்கே பிளாஸ்டிக் குழல்களையும் வண்ணக் கட்டைகளையும் வைத்துக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். அவற்றுக்கு எங்கே போவது? இந்தப் பக்கம் காடெல்லாம் மக்காச்சோளம். அறுத்துப் போட்ட தட்டை வரப்பெல்லாம் கிடக்கிறது. அதைச் சாண் சாணாக நறுக்கி, கருவேல முள்ளால் கோத்துக் கட்டச் சொன்னார். கட்டுகிறபோது ஒருவர் முள்ளை ஒருவர் பிடுங்க, ஒருவர் தட்டையை ஒருவர் மிதிக்க, கோபுரம் சாயும். சாய்ந்ததும் டீச்சர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. "யாரு சாச்சதுன்னு நான் கேக்கல. யாரு சொன்னத யாரு கேக்கல? அத மட்டும் சொல்லு."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பிள்ளைகள் கால் விரலால் தரையில் கோடு கிழிப்பதைப் பார்க்க வேண்டும். பெரியவர்களான நாம் எத்தனை பேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறோம்?

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. அன்பாக இருக்கும்போது எல்லாரும் "வாடா, போடி"தான். கோபம் வந்துவிட்டால் மரியாதை கூடிவிடும். "சொல்லுங்க சார்", "வாங்க மேடம்" என்று அவர் ஆரம்பித்தால் வகுப்பு கப்சிப். ஒருநாள் பேனாவைப் பிடுங்கிய ஒருவனிடம், "ஐயா, தாங்கள் எழுந்திருக்கிறீர்களா?" என்று மேடைத் தமிழில் கேட்டாராம். அவன் அழுதேவிட்டானாம். இதைச் சொன்னது சத்துணவு சமைக்கும் சின்னம்மாள். "அது அடிச்சாக்கூட வாங்கிக்கலாம்மா. மரியாதை குடுத்துச்சுன்னாதான் வவுத்தக் கலக்கும்" என்றார் அவர்.

அந்த வகுப்பில் சுவாதி, தென்றல் என்று இரண்டு பெண்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள். தென்றலின் அப்பா நல்லுசாமி மூத்தவர், சுவாதியின் அப்பா இளையபெருமாள் இளையவர். பாகம் பிரித்தபோது ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது கூட்டுக் கிணறு. நாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சி வந்தார்கள். போன கோடையில் தம்பியின் முறை நாளில் மோட்டார் எரிந்துபோனது. சரிசெய்து ஓட்டியபோது அண்ணன் முறை வந்துவிட்டது. என் நாளை எனக்குக் கொடு என்றார் தம்பி. முறை என்றால் முறைதான் என்றார் அண்ணன். தம்பியின் மக்காச்சோளம் பூட்டை வைத்துக் கதிர் பிடிக்கிற நேரத்தில் காய்ந்து சுருண்டது. அன்றைக்கு நின்றுபோனது இரண்டு வீட்டுக்கும் பேச்சு.

பேச்சு நின்றுவிட்டது என்றால் இந்தப் பக்கத்தில் வாய் மூடிக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. பேசாமல் எப்படி இருக்க முடியும்? ஒரே வாசல், ஒரே கொட்டகை. ஆகவே சுவரிடம் பேசுவார்கள். "ஏ செவுரே, எருமை அவுத்துக்கிட்டு நிக்குதுன்னு சொல்லு" என்று இந்தப் பக்கத்து அம்மா குரல் கொடுப்பார். "பாத்தாச்சுன்னு சொல்லு செவுரே" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். முகம் பார்ப்பதில்லை, பெயர் சொல்வதில்லை. இழவே விழுந்தாலும் சுவர்தான் தூது போகும்.

பெரியவர்களின் இந்த வழக்கம் பிள்ளைகள் வழியாகப் பள்ளிக்கும் வந்தது. ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கு ஒரு மூலைக்குப் போனார்கள். கமலவேணி டீச்சர் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. முதுகோடு முதுகாக உட்காரும் விளையாட்டு வந்த அன்று, இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டார்.

அந்த விளையாட்டு இதுதான். ஒருத்தி கையில் ஒரு படம் இருக்கும். அவள் அதைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருப்பவள் அதைப் பார்க்காமல், கேட்டுக் கேட்டு வரைய வேண்டும். தென்றல் கையில் படம், சுவாதி கையில் பென்சில். வகுப்பு முழுவதும் இரைச்சல். இவர்கள் இருவரும் மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் தென்றல் தனக்கு எதிரே இருந்த சுவரைப் பார்த்து வாய் திறந்தாள்.

"ஏ செவுரே, நடுவுல ஒரு வட்டம் போடச் சொல்லு."

சுவாதி தன் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். "பெரிய வட்டமா, சின்ன வட்டமான்னு கேளு செவுரே."

"தோசை அளவு இல்ல, பூரி அளவுன்னு சொல்லு."

"சரி, பூரி போட்டாச்சு. அடுத்தது என்னன்னு கேளு."

மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. நேரம் முடிந்ததும் எல்லாப் படங்களையும் தரையில் பரப்பினார். மற்ற ஜோடிகளின் வீட்டுக்குக் கூரை தனியாகப் பறந்தது, மாட்டுக்குக் கொம்பு வயிற்றில் முளைத்தது. சுவாதி வரைந்த படம் மட்டும் மூலப்படத்தைப் போலவே இருந்தது. சுவர் வழியாகப் பேசுகிறவர்கள் பாதியைச் சொல்லி மீதியை முகத்தால் காட்ட முடியாது. முழுவதையும் சொல்ல வேண்டும், முழுவதையும் கேட்க வேண்டும். வீட்டில் ஒரு வருடமாக அந்தப் பிள்ளைகள் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்?

"செவுரு நல்லா வேலை செய்யுது. இருக்கட்டும்" என்றார் டீச்சர். அவ்வளவுதான். ஆனால் மறுநாளிலிருந்து சொம்பு விளையாட்டில் அந்த இருவரையும் ஒரே குழுவில் போட்டார், அதுவும் எதிரெதிரே. மைதானத்தில் சுவர் கிடையாது.

சொம்பு விளையாட்டுதான் அவர் காலையில் பல்லால் இழுத்துக் கட்டுகிற கயிறுகளின் ரகசியம். தன் பழைய ஸ்கூட்டர் டியூபிலிருந்து ஒரு வளையம் அறுத்து, அதைச் சுற்றி எட்டுக் கயிறு கட்டியிருக்கிறார். எட்டுப் பேர் சுற்றி நின்று இழுத்தால் வளையம் விரியும். தண்ணீர் நிறைந்த சொம்பின் வாயைத் தாண்டி அதை இறக்கி, எல்லாரும் ஒன்றாகத் தளர்த்தினால் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு கை படாமல் கயிற்றாலேயே தூக்கி, மைதானத்தைக் கடந்து, பப்பாளிக் கன்றுக்கு ஊற்ற வேண்டும். ஒருவர் அவசரப்பட்டால் சொம்பு சாயும். ஒருவர் அசந்தாலும் சாயும். எல்லாவற்றையும்விடக் கடினம் கடைசியில் ஊற்றுவது. ஒரு பக்கத்துக் கயிறு ஏற வேண்டும், அதே நேரத்தில் எதிர்ப் பக்கத்துக் கயிறு இறங்க வேண்டும். எதிரும் புதிருமாக நிற்கிற இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் அது நடக்காது.

"இந்தப் பப்பாளி ஒருத்தர் ஊத்துற தண்ணியக் குடிக்காது" என்பது டீச்சரின் வசனம். வேடிக்கை பார்ப்பதற்கும் அங்கே அனுமதி இல்லை. யாராவது தள்ளி நின்றால், "கயிறு இல்லாத ஆளுக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டு ஒரு முனையைக் கையில் திணித்துவிடுவார்.

முதல் வாரம் சுவாதியும் தென்றலும் சொம்பிடமே பேசினார்கள். "ஏ சொம்பே, எதுத்தாப்புல கொஞ்சம் எறக்கச் சொல்லு." கன்றுக்குப் போய்ச் சேர்ந்த தண்ணீரைவிடப் பாவாடையில் கொட்டியதுதான் அதிகம். நனைந்த பாவாடை வீட்டுக்குப் போனது. வீட்டில் கேள்வி வந்தது. யாரோடு விளையாடினாய், எதிரே யார் நின்றது? நல்லுசாமி தன் மனைவி மூலம் சொல்லியனுப்பினார், பெண்ணை வேறு குழுவில் போடும்படி. சுவாதி வீட்டிலிருந்தும் அதே சொல் வந்தது. டீச்சர் குழுவை மாற்றவில்லை. இளையபெருமாள் நேரிலேயே வந்துவிட்டார்.

டீச்சரின் வகுப்பைப் பார்க்கப் போயிருந்த நானும் அன்று அங்கே இருந்தேன். கடைசிப் பாடவேளை தொடங்கிய நேரம். உயரமான, வெயிலில் கறுத்த மனிதர். கோபமாகப் பேச வேண்டுமென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்து, டீச்சரைப் பார்த்ததும் குரல் தணிந்துபோன முகம். மைதானத்தில் கயிற்றோடு நின்ற சுவாதி அப்பாவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தின நாளே வீட்டில் முடிவு சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"டீச்சர், உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்லங்க. ஆனா அந்த வூட்டுப் புள்ளையோட எம் பொண்ணச் சேக்க வேணாம்னு சொல்லியும் நீங்க கேக்கல. டீசியக் குடுத்துடுங்க. அரியலூர்ல இங்கிலீஷ் மீடியத்துல சேத்துக்குறேன். வேனு வாசலுக்கே வருது."

சுவாதியின் கண் நிறைந்துவிட்டது. எதிரே நின்ற தென்றல் அவளைப் பார்க்காமல் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கை கயிற்றை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது! ஒரு வருடமாகப் பேசாதவள் போய்விட்டால் இனி யாரோடு பேசாமல் இருப்பது? அந்தச் சின்ன முகத்தில் அந்தப் பயம் எழுதியிருந்ததை நான் பார்த்தேன். பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் அந்தப் பள்ளியில் ஒரு டீசி என்பது என்ன என்று டீச்சருக்கும் தெரியும். அவர் முகம் மாறவில்லை. மரியாதை மட்டும் ஒரு படி கூடியது.

"வாங்கய்யா. குடுத்துடலாங்கய்யா. தாராளமா வாங்கிட்டுப் போங்க. இன்னிக்கி நர்மதா லீவு. காது குத்துக்குப் போயிட்டா. ஒரு கயிறு சும்மா கெடக்கு. அதக் கொஞ்சம் புடிச்சீங்கன்னா இந்த ஒரு சொம்பு தண்ணிய ஊத்திட்டு வந்து எழுதித் தரேன்."

வேறு குழுவில் ஆள் இல்லாமலா? தங்கள் முறைக்காகப் பத்துப் பேர் காத்து நின்றார்கள். ஆனால் டீச்சர் கயிற்றின் முனையை நீட்டியபடி நின்றார். பெண் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய மனிதர் எப்படி மறுப்பது? தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். நின்ற பிறகுதான் தெரிந்தது, நர்மதாவின் இடம் சுவாதிக்குப் பக்கத்து இடம். தென்றலுக்கு எதிர்ப் பக்கம்.

சொம்பு எழும்பியது. கிணற்றில் கமலை இறைத்த பரம்பரை அல்லவா, கயிறு அவர் கையில் தானாகப் பேசியது. பிள்ளைகள் அடி அடியாக நகர்ந்தார்கள். நடுவில் ஒருமுறை சொம்பு ஆடியது, எல்லாரும் அப்படியே நின்றார்கள், ஆட்டம் நின்றது, மறுபடி நகர்ந்தார்கள். ஒரு சொட்டு சிந்தாமல் பப்பாளிக் கன்று வரைக்கும் வந்துவிட்டது. அங்கேதான் சிக்கல். ஊற்ற வேண்டும். கன்று இருந்தது இளையபெருமாளின் பக்கம். அவர் கயிறு இறங்க வேண்டும், தென்றலின் கயிறு ஏற வேண்டும். அவர் கொஞ்சம் இறக்கினார். எதிர்ப்பக்கம் அசையவில்லை. அந்தப் பெண் பெரியவர்களுக்குப் பயந்து அப்படியே நின்றாள். சொம்பு அரைச் சாய்வில் நின்று விளிம்பில் தண்ணீர் தளும்பியது.

சின்னம்மாள் சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். இளையபெருமாள் கண்ணைச் சொம்பின் மேலேயே வைத்துக்கொண்டு, மெல்ல, மிக மெல்லச் சொன்னார்:

"சொம்பே... அந்தப் புள்ளையக் கொஞ்சம் தூக்கிப் புடிக்கச் சொல்லு."

ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது. தென்றல் கயிற்றை உயர்த்தினாள். கால் விரல்களில் எம்பி நின்று உயர்த்தினாள். தண்ணீர் விழத் தொடங்கியது. அப்போது அவள் சொம்பைப் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது போதுமா சித்தப்பா?"

பிறந்ததிலிருந்து அழைத்த வார்த்தை. ஒரு வருடமாக எந்தச் சுவரும் கொண்டுபோய்ச் சேர்க்காத வார்த்தை. இளையபெருமாள் தண்ணீர் முழுவதும் கன்றின் பாத்தியில் இறங்கும் வரை கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "போதும் பாப்பா" என்றார். குரல் உடைந்திருந்தது. மறைத்துக்கொள்ளத் துண்டை எடுத்து நெற்றி வியர்வையைத் துடைத்தார். சுவாதி அப்பாவின் முழங்கையை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

டீச்சர் பேச்சை அவராக எடுக்கவில்லை. வெற்றுச் சொம்பை எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இளையபெருமாள்தான் தயங்கித் தயங்கி வந்தார். டீசி என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

"இந்தச் சொம்பு ரொம்ப லேசுங்க டீச்சர். அதான் தளும்புது. வூட்ல பித்தளைச் சொம்பு ஒண்ணு கெடக்கு, எங்க அம்மாவோடது. காலைல சுவாதிகிட்ட குடுத்துவுடுறேன்."

"குடுத்துவுடுங்க சுவாதி அப்பா" என்றார் டீச்சர். 'அய்யா' போய்விட்டது. கோபமும் போய்விட்டது என்று அர்த்தம்.

அதற்குள் வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பெண்ணை அழைத்துப்போக வந்த நல்லுசாமி. கேட்டுக்கு வெளியே, வண்டியை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி உள்ளே பார்த்தார். தம்பி பிள்ளைகளோடு பாத்தியோரம் நிற்பதையும், தன் பெண் சிரித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். என்ஜினை நிறுத்தினார். உள்ளே வரவில்லை. திரும்பிப் போகவுமில்லை. அண்ணன் வந்திருப்பது தம்பிக்கும் தெரிந்துவிட்டது. அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. இரண்டு பேருக்கும் நடுவே மைதானம் வெறுமையாகக் கிடந்தது.

கமலவேணி டீச்சர் கேட்டுப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கட்டைப்பையைத் திறந்து துழாவி ஒரு துண்டுக் கயிற்றை வெளியே எடுத்தார். பப்பாளிப் பாத்தியின் ஓரத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தார். டியூப் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, எட்டுக் கயிற்றுக்கு நடுவே விரல் விட்டு இடம் பண்ணி, ஒன்பதாவதாக அதைக் கட்டினார். முனையைப் பல்லில் கடித்து, வெடுக் வெடுக்கென்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கயிற்றை நீளமாக உதறி, அதன் நுனி கேட்டைப் பார்த்திருக்கும்படி மண்ணில் போட்டார்.